இருட்டறையில் நாலு நொடிக் கற்பூரம்

சுகன்யாதேவிக்குப் பெயரில் மட்டும்தான் தேவி. சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் மெஷின் என்று வந்துவிட்டால் அவள் நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர் மகள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காத வண்டி பாதி வழியில் காலை வாரும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு மணலுக்கு வயது பார்க்கும் வேலை. மங்கோலியப் பாலைவனத்து மலையடிவாரம் ஒன்று கடைசியாக எப்போது பிளந்து நகர்ந்தது என்று தெரிய வேண்டும். பிளவு ஒரு மணல் அடுக்கை அறுத்திருந்தால், மலை நகர்ந்தது அந்த மணல் புதைந்த பிறகுதான். மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று மெஷின் சொல்லிவிடும். அதனால் இருட்டறையில், மங்கலான சிவப்பு விளக்கில்தான் அதைத் தொடலாம். வேறு வெளிச்சம் பட்டால் வயது குறைந்துபோகும். மனிதர்களுக்குத்தான் இந்த வசதி இல்லை.

அந்த அக்டோபரில் மெஷின் இரண்டு முறை மக்கர் பண்ணியது. அவளுடைய ஒப்பந்தமோ டிசம்பரோடு சரி. ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைத்தாள், எலுமிச்சம்பழம் வைத்தாள், கைப்பழக்கத்தில் கற்பூரமும் கொளுத்திவிட்டாள். பக்கத்தில் மணல் தட்டுகள் திறந்து கிடந்தன. "அய்யய்யோ!" என்று நாலே நொடியில் ஊதி அணைத்தாள். மானம் போகுமே என்று வாயையும் மூடிக்கொண்டாள்.

மணலுக்கு வயது மூவாயிரம் ஆண்டு என்று வந்தது. பேராசிரியர் துள்ளிக் குதித்தார். இவ்வளவு அண்மையில் நகர்ந்த மலையா! அவளுக்கு மூன்றாண்டு நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் எழுத அன்றே உட்கார்ந்துவிட்டார். கற்பூர வெளிச்சம்தான் வயதைக் குறைத்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த அடிவாரத்தில் ஊர் இருக்கிறது. தன் கற்பூரத்தை வைத்து அவர்களுக்குக் கிலி மூட்ட வெட்கமாக இருந்தது.

ஆய்வக உதவியாளர் கிறிஸ்தோப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், கற்பூர வாசனையை அன்றே மோப்பம் பிடித்திருந்தார். அவரிடம்தான் முதலில் கொட்டினாள்.

"அண்ணே, இப்ப உண்மையைச் சொன்னா என் கான்ட்ராக்ட் போச்சு."

"ஓம், போகும்," என்றார் அவர் ஆறுதலாக.

போய்ச் சொன்னாள். கற்பூரம் என்றால் என்னவென்று விளக்கவே கால் மணி நேரமானது. பேராசிரியர் திட்டவில்லை, "மணல் வந்த குழாயில் வெளிச்சம் படாத மீதி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. அதற்கு வயது ஒன்பதாயிரம். நீட்டிப்பைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. அவள் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். அழுகை வந்தது, அழுதாள்.

திங்கட்கிழமை இருட்டறைக் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு. சாப்பாடு கூடாது, கைபேசி கூடாது என்று ஜெர்மனில். கீழே கிறிஸ்தோப்பரின் கோணல் தமிழ் எழுத்தில், 'கற்பூரம் கூடாது.'

"ஏண்ணே இப்படி மானத்தை வாங்குறீங்க?"

"நான் இல்லை, பிள்ளை, புரொஃபெசர்தான் எழுதச் சொன்னவர். இல்லாட்டி அடுத்த வருசமும் நீங்கள் கொளுத்திப்போடுவியளாம்."