சைக்கிள்காரர் மேல் ஒரு நீலக் கோடு

நாற்பது வருடம் கசங்காமல் இருந்த ஒரு தபால்தலையை இன்று காலை பேனாவால் கோடு கிழித்துப் பாழாக்கிவிட்டார்கள்.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வெளியிட்ட தபால்தலைகளில் என்னிடம் இல்லாதது சைக்கிள் பந்தயம் ஒன்றுதான். பொம்மிடிப் பக்கத்து நண்பர் தன்னிடம் இருந்ததை உறையில் ஒட்டி அனுப்பினார். அவருக்கு இப்போது கண் தெரிவதில்லை. அதனால் சேகரிப்பை ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பிவருகிறார்.

உறைக்குள் வைத்து அனுப்பலாமே என்பவர்களுக்கு: ஊர் முத்திரை விழுந்து வந்தால்தான் எங்களுக்கு மதிப்பு.

காரிமங்கலம் சந்தைக்குக்கூடப் போகாமல் காத்திருந்தேன்.

"யாரும்மா கோடு போட்டது?"

"நாந்தாங்கய்யா. சீல் வுழாமயே வந்துடுச்சி. மறுக்கா யாராச்சும் ஒட்டிடக் கூடாதில்லீங்களா?" என்றார் தபால் கொண்டுவரும் பெண். "வுடுங்க, உள்ள லெட்டர் பத்திரமா இருக்குது."

உறையைப் பிரித்துக் காட்டினேன்.

"என்னங்கய்யா, வெறுங்கவரு?"

"ஸ்டாம்புதாம்மா லெட்டரு."



மதியம் நண்பர் போன் செய்தார். "சீல் நல்லா வுழுந்துச்சுங்களா?"

"வட்டமா வுழுந்திருக்குதுங்க" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

முத்திரை குத்துகிறவர் மைப்பெட்டிக்கு மை ஊற்ற வேண்டும். தபால்காரம்மா பேனாவை மூடிவைக்க வேண்டும். மேலதிகாரி இதை இருவருக்கும் எழுத்தில் தர வேண்டும். பொம்மிடிப் பக்கம் இதைப் படிப்பவர்கள், என் நண்பரைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது.