ரூல் மாறினால் கூப்பிடுவார்கள்

தி.நகரில் எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ஆள்தான் வகுப்பெடுப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி பில் வந்தால் எதைக் கொடுக்கலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று அவர் சொல்லித்தந்துதான் நானும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லும்போதே திட்டுவார். "தூங்குமூஞ்சி, படுத்துக் கிடக்கறது உங்க அம்மாவா இருந்தா ஃபைலை இப்படித் தள்ளி வைப்பியா?" யாருக்கும் கோபம் வராது.

போன வருஷம் மேலிடத்துக்கு ஒரு ஆசை வந்தது. இனிமேல் பயிற்சியெல்லாம் செல்போன் ஆப்பில்தானாம். அக்காவின் பாடங்களை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் எல்லா ஊர்க் கிளைகளிலும் பார்த்துக்கொள்வார்களாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டை ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார். அன்று வெள்ளிக்கிழமை. டிராஃபிக்கில் மாட்டிப் போய்ச் சேரும்போதே பத்தேகால். ஸ்டூடியோக்காரர் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

"படிச்சுப் பாருங்கக்கா" என்றேன்.

"போடி, இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ராகு காலம் ஆரம்பிச்சுடும். நல்ல காரியம்டி இது!"

கடகடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தரைக்கு முன்னால் கேமரா எதிரே நின்றுவிட்டார். பாடங்கள் முடிந்ததும் சம்பந்தமே இல்லாத வாக்கியங்களை வாசிக்கச் சொன்னார்கள். சந்தோஷமாக ஒரு தடவை, வருத்தமாக ஒரு தடவை. "கம்ப்யூட்டர் உங்க குரலைப் பழகிக்கறதுக்கு மேடம்" என்றார் ஸ்டூடியோக்காரர். "எங்கள் தெருவில் இன்று தண்ணீர் வரவில்லை" என்பதைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

வீடியோக்கள் வந்தன. வகுப்பறையை மீட்டிங் ரூமாக்கினார்கள். அப்புறம் அக்காவை உள்ளே கூப்பிட்டு, இனி வகுப்பு இல்லை, ரூல் மாறினால் புதுசாக எடுக்க வேண்டியிருக்கும், கண்டிப்பாகக் கூப்பிடுகிறோம் என்று கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பாவி மனுஷி, அதை அப்படியே நம்பினார். அவர் வீட்டுக்காரருக்கு வேலை போய் நாளாகிறது. குடும்பமே அக்காவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும், அடையாறில் ஒரு பயிற்சி மையம் வேலைக்குக் கூப்பிட்டபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"அங்க சேர்ந்துட்டு, இவங்க கூப்பிடறப்போ வர முடியலன்னா?"

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று போனிலேயே கத்தினேன். அசைந்துகொடுக்கவில்லை.

இந்த ஏப்ரலில் ரூல் மாறியது. காலையில் ஆப்பில் புதுப் பாடம் வந்து நின்றது. பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதினால்தான் வேலையைத் தொடங்க முடியும். திறந்தேன். அக்கா! அந்தப் பட்டுப்புடவை, அந்தச் சிரிப்பு. அவர் போன பிறகு வந்த விதிகளை ஒவ்வொன்றாக, தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். திட்டு மட்டும் இல்லை.

"இந்த மேடம் எந்த பிராஞ்ச்?" என்று பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்ன செய்வாள், பாவம்.

மத்தியானம் அக்காவே போன் செய்தார்.

"ரூல் மாறிடுச்சாமேடி, பேப்பர்ல பார்த்தேன். இந்த வாரமே கூப்பிடுவாங்கல்ல? புதுசா ஒரு ரவிக்கை தைக்கக் குடுக்கணும்."

குரலில் அத்தனை உற்சாகம். பொய் சொல்லிவிடலாமா என்றிருந்தது. ரவிக்கைக்குத் துணி எடுக்கப் போய்விடுவாரே என்ற பயத்தில் சொல்லிவிட்டேன்.

"கூப்பிட மாட்டாங்கக்கா. பாடம் காலைலயே வந்துடுச்சு. நீங்கதான் எடுத்திருக்கீங்க."

"நானா? நான் எங்கடி எடுத்தேன்?"

கம்ப்யூட்டர் அவர் முகத்தையும் குரலையும் வைத்துத் தானே செய்துகொள்கிறது, இனி எந்த ரூல் மாறினாலும் இப்படித்தான் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் வீட்டுக் குக்கர் விசிலடிப்பது மட்டும் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். அழவில்லை.

"பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கேனாடி?" என்று கேட்டார்.