அவள் நிறுத்திய இடம்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேனை பிடித்தது கையொப்பம் வைக்கத்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாமே என்று கேட்டால், அது எனக்கு இன்னும் கஷ்டம். கடைக்குப் போனால்கூட மற்றவர்கள் வாங்கி முடியும்வரை ஓரமாக நிற்கிறவன் நான். ட்றம்ஸ் செற்றுக்குப் பின்னால் இருந்தால் ஆள் பாதி மறைந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் இசைக்குழுவில் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் சொல்ல வருவது ஒரு மடிக்கணினித் திரையைப் பற்றி. எங்கள் ஊர் பொதுநோக்கு மண்டபத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நாலு பிளாஸ்ரிக் கதிரைகளுக்கு மேல் அது இருந்தது. திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. இன்னொன்றில் வழுக்கைத் தலையோடு ஒரு மனிதர். மூன்றாவது கட்டத்துக்குள் நாங்கள்: முன்னுக்கு ஓர்கனில் அவள், பக்கத்தில் பேஸ் கிற்றாரோடு நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், பின்னுக்கு நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, பதினொரு மணி. வெளியே வாசலில் எங்கள் இசைக்குழுவை நடத்திய மாஸ்டர் நின்று, ஹோன் அடிக்க வேண்டாம் என்று போகிற வருகிற ஓட்டோக்காரர்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தர்மபுரத்துக்குள் வந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளை நாங்கள் ஓர்கன் பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். முள்ளியவளைப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் தையல் மெஷின் வைத்திருந்தா. தேவாலயத்தில் வாசித்துப் பழகி, இருபத்திரண்டு வயதில் எங்கள் குழுவுக்கு வந்தாள். என்னை மாமா என்பாள். முதல் நாள் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு நானா என் காதுக்குள், “இந்தப் புள்ளைட கையில பத்து விரல்தானா, எண்ணிப் பாரு” என்றார். அவருக்கு அங்கேயே முள்ளியவளைச் சந்தியில் துணிக்கடை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடையைப் பூட்டிவிட்டு பேஸ் கிற்றாரை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வருவார், பின்னால் இவளையும் இவளின் தாயையும் ஓட்டோவில் அனுப்பிவிட்டு.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னியில் கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ பாட்டுக் கேட்கிற சனம் ஒவ்வொரு சினிமாப் பாட்டையும் உள்ளும் புறமும் அறிந்து வைத்திருக்கும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற புல்லாங்குழலில் ஒரு சுரம் குறைந்தாலும் பின்னால் நிற்கிற பெடியள் ஊளையிடுவார்கள். அதனால் றெக்கோட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வாசிப்பதுதான் எங்களுக்குச் சட்டம். சொந்தமாக ஒன்றைச் சேர்த்தால் அது பிழை. பாடுகிறவரோ வாசிக்கிறவரோ இடையில் வழி தவறிவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். ட்றம்ஸ்காரன் ஒரு நீள உருட்டு உருட்டிப் பெரிய சிம்பலில் அடிப்பான். அதைக் கேட்டதும் யார் எங்கே நின்றாலும் விட்டுவிட்டுப் பல்லவிக்கு வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று அந்த நேரம் கேட்கக் கூடாது. நான் அப்படி எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கிறேன். சொல் மறந்துபோய் மேடையில் வியர்த்துக்கொண்டு நின்ற பாடகர்கள் இறங்கி வந்து என் கையைப் பிடித்திருக்கிறார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்த மனிதரின் மகன், இங்கே கூலிக்குக் காணி வெட்டியவன், எனக்கு ஊருக்குள் இருந்த ஒரே மரியாதை அந்த உருட்டுத்தான்.

எங்களோடு ஐந்து வருடம் வாசித்த பிறகு ஓர்கன் பிள்ளைக்கு ஜாஸ் இசை பிடித்துக்கொண்டது. தொலைபேசியில் கேட்பாள், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் விரல்கள் கைப்பையின்மேல் ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜாஸும் வெகுசன இசையும் மேடையில் ஆற்றுகை செய்வதையே பட்டப்படிப்பாகப் படிக்கலாம், எடுபட்டால் புலமைப்பரிசிலும் உண்டு, விண்ணப்பித்திருக்கிறேன் என்று ஒருநாள் எங்களிடம் சொன்னாள். தாய்க்கு அது விளங்கவேயில்லை. “கலியாண வீட்டில வாசிக்கிறதுக்கு யூனிவர்சிற்றியோ? அப்ப கலியாண வீட்டில சமைக்கிறவைக்கும் ஒரு பட்டம் குடுக்கலாமே” என்று அவா சொன்னதைக் கேட்டு மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். இவளும் சிரித்தாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகக்காரர்கள் கேட்டது இதுதான்: சொந்தமாக ஒரு மெட்டு, வேறு வாத்தியக்காரர்களோடு சேர்ந்து, நேரலையில், ஒரே தடவையில். மெட்டை ஒருமுறை நேராக வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு அதன் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நேரம் மனதில் எழுவதை வாசிக்க வேண்டும். முன்னமே பாடமாக்கி வைத்திருக்கக் கூடாது. எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது என்பதால் கொப்பித் தாளில் பெட்டிகள் கீறித் தந்தாள். முதல் வரிசைப் பெட்டிகளில் தமிழில் குறிப்பு எழுதியிருந்தது. நடுவில் இருந்த பெட்டிகள் எல்லாம் வெறுமை. இதில் என்ன வரும் என்று கேட்டேன். “எனக்கே தெரியாது மாமா. நீங்கள் நடந்துகொண்டே இருங்கோ. நான் எங்க போனாலும் நீங்கள் தாள நடையை மட்டும் விட்டிடாதேங்கோ” என்றாள்.

நானாவுக்கு அது சரிப்படவில்லை. “இந்தப் பாட்டுக்கு முடிவு ஒண்டு இருக்கா இல்லையா புள்ளை?” என்றார். “இருக்கு நானா. எப்ப எண்டுதான் தெரியாது.” “நோன்பு துறக்கிறதுக்கு முந்தி வந்தாச் சரி.” ஒத்திகைகளில் அவள் நடுப்பகுதியைச் சின்னதாகத்தான் வாசித்தாள். இப்போது யோசித்தால், எங்களுக்குப் பயம் வரக் கூடாது என்று தன்னைக் குறுக்கிக்கொண்டாள் என்று தெரிகிறது. அப்போது அந்தச் சின்ன வடிவமே எனக்குப் பாடமாகிவிட்டது. இதுதான் றெக்கோட் என்று என் காது முடிவு கட்டிவிட்டது.

அன்று காலை ட்றம்ஸை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து பக்கத்தில் குந்தினார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “இவள் போனால் நாங்கள் குழுவைக் கலைக்க வேண்டியதுதான்ரா. இவளைப் போல ஒருத்தி கிடைக்கமாட்டாள்” என்றார். நான் ஒரு திருகாணியை அளவுக்கு மேல் இறுக்கினேன். குழு இல்லாவிட்டால் நான் யார் என்ற நினைப்பு வந்தது. வெயிலில் மண்வெட்டியோடு நிற்கிற ஒருவன் என்ற பதிலும் கூடவே வந்தது.

பதினொரு மணிக்குத் தொடங்கினோம். மெட்டு நன்றாகப் போனது. பிறகு அவள் வெற்றுப் பெட்டிகளுக்குள் போனாள். ஒத்திகையில் கேட்ட எதுவும் வரவில்லை. முதலில் இரண்டு மூன்று சுரங்களையே திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்பது போல வாசித்தாள். பிறகு வலது கை மேலே மேலே ஏறியது. நான் அறிந்த எந்தப் பாட்டிலும் இல்லாத இடத்துக்குப் போனது. நானா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சின்னச் சிம்பலை விடாமல் தட்டினேன். அப்போது அவள் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். ஓர்கன் நின்றுவிட்டது. பேஸும் என் சின்னச் சிம்பலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடியிருந்தாள். கைகள் கட்டைகளுக்குமேல் காற்றில் நின்றன. பெட்டிகள் முழுதும் சுற்றி ஒரு வட்டம் போனது. இரண்டாவது வட்டம் தொடங்கியது. திரையில் அந்த வெள்ளைக்கார அம்மா முன்னுக்குக் குனிந்தா.

நான் உருட்டினேன். பெரிய சிம்பலில் அடித்தேன்.

நானா பழக்கத்தில் உடனே பல்லவிக்கு வந்துவிட்டார். அவளும் வந்தாள். ஐந்து வருடம் அந்தச் சத்தத்துக்குக் கீழ்ப்படிந்த கைகள் அவை. மனம் மறுத்தாலும் விரல்கள் வந்துவிட்டன. மெட்டை ஒருமுறை வாசித்து முடித்தோம். திரையில் இருந்தவர்கள் சிரித்த முகத்தோடு நன்றி சொன்னார்கள். அவள் மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியபோது முகத்தில் ஒன்றும் இல்லை. “பரவாயில்லை மாமா. என்னைக் காப்பாத்தத்தானே பாத்தனீங்கள்” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் மூன்று வருடமாகக் கணக்குச் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இடம் இல்லை. அவர்கள் எழுதியதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: “நல்லாத் தொடங்கினனாம். சொல்ல வந்ததை முடிக்காமல் பயந்து திரும்பீட்டனாம்.” மாஸ்டர், “அவங்களுக்கென்ன தெரியும்” என்றார். நானா என்னைப் பார்க்கவில்லை. குழுவில் எல்லோரும் அவள் பதற்றத்தில் வழி தவறினாள், மாமா சமாளித்தார் என்றே பேசினார்கள். அவளும் அதை மறுக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் வவுனியாவில் ஒரு இசை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஓர்கன் பழக்குகிற வேலை எடுத்துக்கொண்டு தாயோடு போய்விட்டாள். வருடம் முடிவதற்குள் குழுவும் கலைந்தது. மாஸ்டர் இப்போது றெக்கோட் போட்டுவிட்டு அதற்குமேல் பாடுகிறார். நான் மறுபடி மண்வெட்டியோடு நிற்கிறேன்.

இதுவரை எழுதியது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத ஒன்று இருக்கிறது. அவள் கைகளைத் தூக்கிய அந்த நேரத்தில் நான் ஓர்கன் ஸ்ராண்டுக்குக் கீழே பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். வலது குதிக்கால் நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தது, ஒரு மயிரிழையும் பிசகாமல், என் சிம்பலோடு சேர்ந்து. வழி தவறியவனின் கால் அப்படித் தட்டாது. இருபது வருடம் பின்னால் இருந்து மனிதர்களின் கால்களையே பார்த்தவன் நான். எனக்கு அது தெரியும். அவள் தொலைந்துபோகவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினாள். அடுத்ததை எடுக்கத் தயாராக இருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என் கை எழும்பியது.

ஏன் அடித்தேன் என்று என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பழக்கம் என்று ஒருநாள் சொல்லிக்கொள்வேன். அமைதியைத் தாங்க முடியாத பயம் என்று இன்னொரு நாள். ஆனால் காலையில் மாஸ்டர் சொன்னதும் அந்தக் கைக்குள் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அவள் போகக் கூடாது என்று நான் நினைத்திருந்தால், கடைசியில் போய்த்தான் விட்டாள். படிக்கத்தான் போகவில்லை.

போன வாரம் நானாவின் கடைக்குப் போனபோது அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஓர்கன் புள்ளை திரும்பவும் எழுதிப் போட்டிருக்காம். வயசுக் கட்டுப்பாடு இருக்காம், இதுதான் கடைசித் தடவை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “என்னைக் கூப்பிடல. உன்னைக் கூப்பிட்டுச்சா?” என்றார். இல்லை என்றேன்.

அடுத்த நாள் காலை வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். வீட்டில் அவள்தான் இருந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள். “என்ன மாமா, சொல்லாமல் கொள்ளாமல்” என்று கதிரையைத் தூக்கிப் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். அடுக்கி வைத்த சொல் ஒன்றும் வரவில்லை. கோப்பையைப் பார்த்தபடி, “அண்டைக்கு உன்ர காலைப் பாத்தனான் பிள்ளை. தட்டிக்கொண்டிருந்தது. பாத்திட்டுத்தான் அடிச்சனான்” என்றேன்.

முற்றத்தில் காய்ந்த உடுப்பு ஒன்று கொடியிலிருந்து விழுந்தது. அவள் எழுந்து போய் எடுத்து உதறிப் போட்டுவிட்டு வந்து இருந்தாள்.

“தெரியும் மாமா” என்றாள். “நீங்கள் காலைப் பாத்துத்தான் வாசிப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நான் நிப்பாட்டினால் பயப்பிடுவீங்கள் எண்டுதான் செருப்பைக் கழட்டிப்போட்டுத் தட்டினனான். நீங்கள் பாக்கவேணும் எண்டுதான்.”

எனக்குக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

“பிறகேன் பிள்ளை காப்பாத்தப் பாத்தனீங்கள் எண்டு சொன்னனீ?”

“வேற என்னத்தைச் சொல்லுறது? எல்லாரும் நிண்டவை. நீங்கள் வந்து சொல்லுவீங்கள் எண்டு கொஞ்ச நாள் பாத்தனான். பிறகு விட்டிட்டன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இந்த முறை யார் ட்றம்ஸ் என்று கேட்டேன். கொழும்பில் ஒருவர் என்றாள். நன்றாக அடிப்பாரோ என்றேன். “உங்களைப் போலக் கை சுத்தம் இல்லை. ஆனால் நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார்” என்றாள். பிறகு நேரத்தைப் பார்த்து, பஸ்ஸை விடாதேங்கோ மாமா என்று சொல்லி, சந்திவரை கூடவே நடந்து வந்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் வந்ததும், எப்போது வாசிக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். திங்கள் பின்னேரம் மூன்று மணி என்றாள்.

இன்று திங்கள். மத்தியானம் வயலால் வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு எழுதக் குந்தினேன். இப்போது மூன்று மணி தாண்டிவிட்டது. கொழும்பில் எங்கேயோ ஒரு அறையில் அவள் கைகளைத் தூக்கியிருப்பாள், அல்லது தூக்கப் போகிறாள். அது எவ்வளவு நேரம் நீளும் என்று அவளுக்கே தெரியாது. எடுபடுவாளா என்பதும் எனக்குத் தெரியாது. பேனையை வைத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை நானும் ஒரு சத்தமும் போடாமல் இருக்கப் போகிறேன்.

தர்மபுரம், பங்குனி மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை.