சுவருக்குள் இருக்கும் வீடு

என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவருக்குள் என் பெரியப்பாவின் ஆவி புகுந்துவிட்டது என்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பினேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், கோயமுத்தூரில் பம்புசெட் உதிரிபாகம் விற்பவன், நம்பினேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். சென்னிமலைப் பக்கம் தோட்டத்துக்குள் எங்கள் பழைய வீடு ஒன்று, பெரியப்பா காலமான பிறகு பூட்டியே கிடந்தது. அவரை அடக்கம் செய்ததும் அதே தோட்டத்தில், கிணற்றோரம்தான். வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விடலாம் என்று மேஸ்திரி ஒருவர் மூலம் பெயிண்டரைப் பிடித்தேன். முப்பது வயது இருக்கும். சுவருக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசியில் தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெளுத்து, பாதி இருட்டில் அவர் நின்றால் பெரியப்பாவே நிற்பது போல இருக்கும்.

“எந்த ஊருங்க தம்பி?”

“பக்கந்தானுங்ணா.”

“பக்கம்னா?”

“பக்கந்தானுங்ணா.”

அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. அன்று காலையில் மட்டும் தானாக வாயைத் திறந்து, “இன்னைக்கு நாலு மணிக்கே கிளம்போணுமுங்ணா” என்றார். காரணம் சொல்லவில்லை.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் போனது. வாசலில் கட்டிலில் படுத்திருந்தவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

பெயிண்டருடைய குரல்தான். ஆனால் பேச்சு அவருடையது இல்லை. ‘ங்க’வும் இல்லை, ‘ங்ணா’வும் இல்லை. நான் கேட்டே இராத ஒரு தமிழ், இழுத்து இழுத்து வந்தது.

“அவரை எவ்விடத்திலயம்மா தாட்டது? கிணத்தடியிலயோ?”

ஆளில்லாத அந்தக் கூடத்திலிருந்து ஒரு கிழவியின் குரல் பதில் சொன்னது: “ஓம் ராசா. கிணத்தடியிலதான்.” பெரியப்பாவைப் புதைத்ததும் கிணற்றடியில்தானே!

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். ப்ரைமர் அடித்த வெள்ளைச் சுவரில், காலையில் இல்லாத ஒரு வீடு நின்றது. வெளிர் நீலம். பக்கத்தில் இரண்டு பனை, ஒரு கிணறு, கிணற்றோரம் ஒரு மண்மேடு.

என் வீரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, வெளியே நாதாங்கியை மாட்டி, வாசலில் நின்ற காரைக்கூட மறந்து, தோட்டத்து வேலைக்கு வைத்திருந்த ஸ்கூட்டரில் ஏறினேன். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. கூப்பிட்டால் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது. மலையடிவாரத்தில் திருநீறும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ‘பெயிண்டர்’. எடுப்பேனா நான்?

மனைவி ஊருக்குள் தன் தங்கை வீட்டில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க, எந்த ஊர்லங்க பேய் போன் போடுது?”

“பெரியப்பா உசுரோட இருந்தப்பவும் விடமாட்டாரல்ல, எடுக்கற வரைக்கும் அடிப்பாரு.”

“மணி நாலரை. அந்தத் தம்பி நாலு மணிக்குப் போகோணும்னு சொல்லுச்சுன்னீங்க. ஆளை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு வந்திருக்கறீங்க! எடுங்க வண்டிய.”

கதவைத் திறந்தவளும் அவள்தான். நான் எலுமிச்சம்பழத்தோடு பின்னால் நின்றேன். பெயிண்டர் கோபப்படவில்லை. முகத்துத் தூசியில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருந்தது.

“முகாம்ல இன்னைக்குப் பேர் கூப்பிடறாங்கக்கா. அஞ்சு மணிக்கு நான் நிக்கோணும். ஆள் இல்லீன்னா பதிவுல பேரை வெட்டிருவாங்க.”

காரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியில் மனைவிதான் கேட்டாள். அவருடைய தாய் இலங்கைச் சண்டைக்குத் தப்பி, கைக்குழந்தையாக இருந்த அண்ணனைத் தூக்கிக்கொண்டு மன்னாரிலிருந்து படகில் வந்தவர். இவர் பிறந்தது இங்கே, அகதி முகாமில்.

“இங்க பொறந்தா நம்ம நாட்டுக்காரர்தானே கண்ணு?”

“அதைத்தானுங்கக்கா நாங்களும் கேட்டுட்டிருக்கறோம்.”

முகாம் என்று தெரிந்தால் சிலர் வேலை தரத் தயங்குகிறார்களாம். அதனால் வெளியே எங்கள் கொங்குப் பேச்சு, அம்மாவிடம் மட்டும் அம்மாவின் பேச்சு. சுவரில் இருந்தது தாயின் வீடு. அவர் அதைப் பார்த்ததே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் ப்ரைமர் காய்ந்ததும் வரைந்து, போனில் தாயைக் கூப்பிட்டுக் காட்டுவார். பனை தள்ளி நிற்கிறது, வாசல் வடக்கே என்று தாய் திருத்துவார். அன்று திருத்தியது தாத்தாவைப் புதைத்த இடத்தை.

“முகாம் வீட்ல இத்தாப் பெரிய செவுரு ஏதுங்ணா” என்றார்.

நாடு என்றால் எனக்கு என்ன தெரியும்? ரோட்டுக் குழியில் வண்டி இறங்கும்போது திட்டுவதற்கு ஒன்று. என் தாத்தன் பேரிலேயே பட்டா இருந்த தோட்டத்தில் பிறந்தவன் நான். இது என் ஊர்தானா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

முகாம் வாசலில் தூறல். நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக, சத்தமே இல்லாமல் நின்றார்கள். ஒரு பெயர் ஒலிக்கும். ஒரு குரல் எழும். மறுபடி அமைதி. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. மறுமுறை கூப்பிட்டார்கள். வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்து குதித்து ஓடியபடி, நான் பூட்டிப்போட்ட அதே குரலில் பெயிண்டர் கத்தினார்: “இருக்கிறன் ஐயா!”

மறுநாள் வேலைக்கு வந்தார். படத்தை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “வேண்டாமுங்ணா, வாடகைக்கு வர்றவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க” என்று சிரித்துவிட்டு, மேலே சந்தன நிறத்தில் இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்துவிட்டார்.

வீட்டை நான் வாடகைக்கு விடவில்லை. காலண்டரை எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன். நீல வீடு உள்ளே இருக்கும் அந்தச் சுவரில் இன்றுவரை ஓர் ஆணி அடித்ததில்லை.