கம்போடியாவிலும் பனை

காலையில் எழுந்ததும் கம்போடியாவிலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்து, பதில் எழுதாமலே மூடினேன். அங்குள்ள கிராமப் பள்ளியொன்றில் மூன்று மாதம் தொண்டராக ஓவியம் படிப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்குள் சொல்ல வேண்டும். தெரியாத நிலத்தில் எதை வரைவேன் என்ற பயம்.

பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடக்கும் என் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். சந்தைக்கு வெங்காயம் கொடுத்துவிட்டு வந்த கோப்பாய் ஊர் விவசாயி ஐயா ஒருவர் எல்லாப் படங்களையும் ஆறுதலாக, ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்.

“பிள்ளை, எல்லாத்திலையும் பனைதானே நிக்குது. உந்தப் பனையைப் பாக்கவோ சைக்கிளை விட்டிட்டு உள்ளை வந்தனான்?”

சிரிப்பு வந்துவிட்டது.

“கம்போடியாவிலை படிப்பிக்கக் கூப்பிடுகினம் ஐயா. அங்கை போய் என்னத்தை வரையிறதெண்டு பயமாக் கிடக்கு” என்று பள்ளியின் படத்தைக் கைபேசியில் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை, வயல் வரம்பிலை நிக்கிறது என்ன?”

பனை. வரிசையாகப் பனை. பத்துத் தடவை பார்த்த படத்தில் கட்டடத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். நானெல்லாம் நிலக்காட்சி ஓவியர்!

“பாவம் அந்தப் பிள்ளையள்,” என்றார் ஐயா. “அதுகளுக்கும் பனைதான்.”

போவதென்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் எவருக்கும் தெரியாது. அம்மா முகநூலில் இல்லை. இந்தப் பதிவை வாசிக்கும் உங்களில் யார் முதலில் அவரிடம் கோள் சொல்லப்போகிறீர்கள் என்று பார்ப்போம்.