அத்தை காலி செய்த பஸ்

என் அத்தைக்கு எதையும் சும்மா மடித்து வைக்கத் தெரியாது. அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வெந்நீரில் வெந்து காய்ந்து வரும் ஆபரேஷன் பச்சைத் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் நாள் முழுக்க நின்றுகொண்டே மடிப்பாள். வீட்டிலும் அதே மடிப்புதான். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போட்டுப் போன சட்டையைக்கூட ஆபரேஷன் தியேட்டர் துணி மாதிரி கெட்டியாக நாலாக மடித்துக் கொடுத்தாள். அந்தக் கோடுகளோடுதான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை நான் கைநீட்டி வாங்கினேன். போட்டோவில் இன்றும் தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை பஸ்ஸை ஓட்டுவது டிரைவர், நடத்துவது அத்தை. யார் எங்கே உட்காருவது, யார் பை யார் மடியில், எந்த ஜன்னலை மூடுவது எல்லாம் அவள் தீர்ப்பு. டிரைவரே கிளம்புவதற்கு முன் கண்ணாடியில் அவளைத்தான் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் வேலையை விடப் போவதாகச் சொன்னாள். காரணம் முழங்கால். பஸ் மெயின் ரோட்டோடு நேராகப் போய்விடும். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முக்கில் இறங்கி, மதில் சுவரை ஒட்டி மேடேற வேண்டும். அந்த ஏற்றத்தில் நடந்த பிறகு நாளெல்லாம் நிற்க அவளால் முடியவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டாள்.

“நல்லதாப் போச்சு, வீட்ல உக்காரு” என்றார் மாமா.

“வீட்ல உக்காந்து என்ன பண்றது? உங்க மூஞ்சியவா மடிச்சு வைக்கிறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. இருபது வயதிலிருந்து அவள் கையில் சொந்தச் சம்பளம் இருந்திருக்கிறது. அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் அந்த ஆவி பறக்கும் அறையில்தான் இருக்கிறார்கள்.

பஸ் மருத்துவமனை வாசலுக்கு ஒரு சுற்று சுற்றி வந்தால் என்ன என்று நான் ஒரு மனு எழுதினேன். வழியை வரைந்து, எவ்வளவு நேரம் கூடும் என்று கணக்குப் போட்டு, ஊரில் கையெழுத்து வாங்கி, போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தேன். வீண் போகவில்லை. தடங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து நேரில் பார்ப்பார் என்று பதில் வந்தது.

“அத்தை, நாளைக்கு அதிகாரி வர்றாரு. எல்லார்கிட்டயும் சொல்லிடு.”

“அத நீ சொல்லணுமா மருமகனே? நான் பாத்துக்கறேன்.”

அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். என்ன பார்த்துக்கொள்வாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அதிகாரியோடு பஸ்ஸில் ஏறினால், உள்ளே பத்துப் பதினைந்து பேர் கல்யாணத்துக்குப் போவது மாதிரி சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பியில் தொங்க ஒரு கைகூட இல்லை. முன் சீட்டைத் துடைத்து, “வாங்க சார், காத்து நல்லா வரும்” என்று அத்தை அவரை உட்கார வைத்தாள்.

நான் அவள் பக்கத்தில் குனிந்தேன். “மத்தவங்கள்லாம் எங்க?”

“நடந்து போறாங்க. முன்னாடியே கிளம்பச் சொல்லிட்டேன். பாவம், பெரிய மனுஷன் நெரிசல்ல கசங்கிப் போவாருல்ல. மீன்காரியை ஏறவே கூடாதுன்னுட்டேன், வாடை ஆகாது.”

“அத்தை, அவரு கூட்டத்தை எண்ணத்தான் வந்திருக்காரு.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அதிகாரி திரும்பினார். என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்; நல்ல மாதிரி. “தம்பி, ஆஸ்பத்திரிக்கு இறங்கறவங்க நிறையன்னு எழுதியிருந்தீங்க. கேட்டுப் பாத்தேன், மூணு பேருதான் சொல்றாங்க. மூணு பேருக்காக பஸ்ஸை உள்ள திருப்ப முடியாதே.”

அத்தை எழுந்து நின்றாள். “சார், தப்பு என்னோடது. நீங்க வசதியா வரணும்னு நாந்தான் எல்லாரையும் நடக்கச் சொன்னேன்.”

அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள்.

புளியமரத்து வளைவு தாண்டியதும் சாலையோரம் நீளமாக ஒரு வரிசை தெரிந்தது. சாப்பாட்டுப் பையோடு, மருந்துச் சீட்டோடு, இடுப்பில் பிள்ளையோடு, கடைசியில் தலையில் கூடையோடு மீன்காரி. பஸ்ஸைப் பார்த்ததும் எல்லாரும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள்.

“என்னம்மா இது, ஊர்வலமா?” என்றார் அதிகாரி.

“நம்ம பஸ் ஆளுங்க சார்.” அத்தை டிரைவரிடம் திரும்பினாள். “நிறுத்துப்பா.”

“இங்க ஸ்டாப் இல்லக்கா. சார் வேற இருக்காரு.”

“நிறுத்துங்க” என்றார் அதிகாரி.

நிறுத்தியும் ஒருவரும் ஏறவில்லை. அத்தை படியில் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. மீன்காரிதான் முதலில் வாய் திறந்தாள். “நேத்து நாறுச்சு, இன்னிக்கு மணக்குதா?”

“ஏறுடி தாயே, அப்புறம் திட்டு.”

ஏறினாள். கூடையை அதிகாரியின் காலடியில் வைத்தாள். பின்னாலேயே மொத்த ஊரும் ஏறியது. ஒரு பிள்ளை அவர் மடிக்கு வந்தது, இரண்டு பைகளும் வந்தன. அவருடைய பேனா எங்கோ போய்விட்டது. மருத்துவமனை முக்கில் பாதி பஸ் இறங்கியது. எண்ணுவதற்குப் பேனா தேவைப்படவில்லை.

அவரும் இறங்கினார். அத்தையோடு மேட்டில் நடந்தார். அவள் நடக்கிற வேகத்தில் நடப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டடி முன்னால் போய்ப் போய் நின்றார். பாதியில் மதில் ஓரக் கல்லில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போங்க சார். எனக்கு நேரமாகும்.”

“தினமும் இப்படித்தானா?”

“கால் நல்லா இருந்தப்ப இது மேடுன்னே தெரியல சார். இப்பதான் தெரியுது.”

அவர் போகவில்லை. அவள் எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

அந்த மாதம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. பஸ்ஸின் எல்லா நடைக்கும் இல்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வாசல் வரை. என் மனுவில் இருந்த அதே வழி. அந்த உத்தரவை நான் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பஸ் முதல்முறை உள்ளே திரும்பியபோது மீன்காரி முணுமுணுத்தாள். “இந்தச் சுத்துல எனக்குச் சந்தைக்கு நேரமாகுது.”

“உன் மீனு ஏற்கெனவே செத்துதான கிடக்கு” என்றாள் அத்தை. “இன்னும் அஞ்சு நிமிஷத்துல அதுக்கு என்ன ஆகிடப் போகுது?”

பஸ் முழுக்கச் சிரித்தது, மீன்காரியும்தான். அத்தை வாசலில் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கி, நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே, புது யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இடுப்பளவ உண்மையச் சொன்னியா?”