துவைக்கிற கல்லைப் பார்க்கப் போனது

போனது ஐந்து பேர். நான். என் வீட்டுக்காரர். எங்களுக்கு மேற்கே இருக்கிற மேக்கால வீட்டுப் பெரியவர். அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. அவருடைய மருமகள். கோயிலில் பூசை பண்ணுகிற பண்டாரம்.

பார்க்கப் போனது ஒரு கல்லை. அது அப்போது கோயமுத்தூர் மியூசியத்தில் இருந்தது. வருஷம் முப்பத்தஞ்சோ முப்பத்தாறோ. மழை சரியாகப் பெய்யாத வருஷம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் பெருந்துறைக்குக் கிழக்கே. எங்கள் வீட்டுக்கும் மேக்கால வீட்டுக்கும் பொதுவில் ஒரு கிணறு. கிணற்று மேட்டில் ஒரு பலகைக்கல் கிடந்தது. ஆள் நீளம் இருக்கும். இரண்டு வீட்டுத் துணியும் அதில்தான் துவைப்போம். நான் கல்யாணமாகி வந்த மறுநாள் அதில் துவைக்க ஆரம்பித்தேன். பதினோரு வருஷம் துவைத்தேன்.

கிணற்று மேட்டைச் செப்பனிடும்போது அந்தக் கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஒரு ஆள் இருந்தாராம். கையில் கத்தி, பக்கத்தில் மாடு, தலைக்கு மேலே எழுத்து. நான் அப்போது பிரசவத்துக்குப் பிறந்த ஊர் போயிருந்தேன். விஷயம் தாசில்தார் காதுக்குப் போய், சர்க்கார் வண்டி வந்து கல்லை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. குழந்தையோடு திரும்பி வந்தபோது கல் கிடந்த குழியைத்தான் பார்த்தேன். அதன் முதுகு எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததே இல்லை.

கல்லுக்கு முன்பே ஒரு சண்டை இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு வீடும் ஒரு அண்ணன் தம்பி வழி. அண்ணன் வழி நாங்கள், தம்பி வழி அவர்கள். அந்த இருவரில் ஒருவர், திருட்டுப் போன ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தார். அவர் வாரிசுக்குத்தான் மாகாளியம்மன் நோம்பித் திருவிழாவில் முதல் பூசைத் தட்டம். பண்டாரம் செத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். செத்தது அண்ணனா தம்பியா? அதுதான் சண்டை. எங்கள் வீட்டில் அண்ணன் பேரைச் சொன்னார்கள், அவர்கள் தம்பி பேரைச் சொன்னார்கள். சண்டை முற்றி மூன்று வருஷம் நோம்பி சாட்டவில்லை, திருவிழாவே அறிவிக்கவில்லை. கோயில் சாத்திக் கிடந்தது. இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெண்கள் நாங்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வோம், ஆண்கள் இல்லாதபோது.

பண்டாரம்தான் வழி சொன்னார். கல்லில் செத்தவர் பேர் இருக்கும், மியூசியத்தில் படிக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார், போய்க் கேட்போம் என்றார். கல் சொல்கிறபடி கேட்கிறோம் என்று மாமாவும் என் வீட்டுக்காரரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"துவைச்சவ நாந்தானுங்களே. மொகத்தைப் பாக்கோணும்."

அவர் எனக்கும் சேர்த்துப் பஸ் காசை எடுத்து வைத்தார். எங்கள் பக்கம் இரண்டு பேர் என்று தெரிந்ததும் மேக்கால மாமா தன் மருமகளையும் கிளப்பிவிட்டார். சமமாக இருக்க வேண்டுமே.

பெருந்துறையில் பஸ் ஏறினோம். மாமா முன்னால், நாங்கள் பின்னால், பண்டாரம் நடுவில்.

"பண்டாரம், புழுதி வருது. பின்னால இருக்கறவங்களைப் படுதாவை எறக்கச் சொல்லு" என்றார் மாமா.

"காத்து வேணும்னு சொல்லு பண்டாரம்" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று முழம் தூரம் இல்லை.

"ஏனுங்க, நான் என்ன தபால்காரனுங்களா?" என்றார் பண்டாரம். "கழுத்து சுளுக்குதுங்க."

கோயமுத்தூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தோம். மெட்ராஸில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள் என்று பண்டாரம் சொன்னார். உள்ளே போனதும் அது சரிதான் என்று பட்டது. முதலில் ஒரு புலி நின்றது. பஞ்சு அடைத்தது. கண் இரண்டும் கண்ணாடியில் செய்தது. மேக்கால மருமகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கையை வீசிக் கடந்து போனவர் மாமா ஒருவர்தான். கடந்ததும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த அறையில் பெரிய தாழி ஒன்று. வாய் அகலம். காவல்காரரைக் கேட்டேன்.

"இதுல என்னங்க போட்டு வெச்சாங்க?"

"ஆளை."

"ஆளையா?"

"செத்த ஆளைங்க. உள்ள வெச்சுப் பொதைச்சுப்போடுவாங்க."

நான் சுற்றி வந்து பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் அதில் கொள்ளுவேன். என் வீட்டுக்காரர் கொள்ளமாட்டார். பக்கத்தில் சிவப்பு மணிகள், நூல் கோர்க்க ஓட்டை போட்டவை. அந்தச் சின்ன ஓட்டையை எதை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டேன். காவல்காரருக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா ஒரு கல்லுரலின் முன் நின்றார். அதில் சீட்டு ஒட்டியிருந்தது.

"இது எங்க ஊட்டுலயும் கெடக்குது. சீட்டுத்தான் ஒட்டலை."

பின்கட்டில் ஒரு கொட்டகை. அங்கே சாமிக் கற்கள் வரிசையாக நின்றன. நாங்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். வேண்டியதில்லை என்றார் காவல்காரர். கேட்கவில்லை. பண்டாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டே போனார். "ஒரு சொட்டு எண்ணெயில்லாம நிக்கறாங்களே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் எங்கள் கல். நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

நல்ல மீசை. கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கத்தியை ஓங்கின கை. காலுக்குப் பக்கத்தில் இரண்டு மாடு, ஒன்று திரும்பி அவரைப் பார்த்தது. இடுப்புத் துணியின் மடிப்பைக்கூடச் செதுக்கியிருந்தார்கள். நான் அந்தத் துணியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

"அக்கா" என்றாள் மேக்கால மருமகள் மெதுவாக. "நம்ம அடி அத்தனையும் தாங்குனவரு."

எழுத்து வாசிக்கிறவர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். கல்லை ஈரம் செய்து, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தடவினார். எழுத்து எழுந்து வந்தது. விரலை வைத்து வாசித்தார்.

"முன்பக்கம் அந்தக் காலத்து ராஜா பேரும் வருஷமும் இருக்கு. அப்புறம் உங்க ஊர். மாடு மீட்டுப் பட்டவன், அதாவது செத்தவன்னு முடியுது. பேர் பின்பக்கம் இருக்கும்."

எல்லாரும் பின்பக்கம் போனோம். மாமாவும் என் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமாகச் சுற்றி வந்து தோளில் தோள் இடித்து நின்றார்கள்.

நான் கல்லின் அந்தப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். நான் வந்த புதிதில் அதில் வரிவரியாகக் கையில் தட்டும். சொரசொரப்பாக இருக்கும். அழுக்கு நன்றாகப் போகும். போகப் போக வழவழப்பாகிவிட்டது. கல் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

வாசிக்கிறவர் பொடியைத் தடவினார். ஒன்றும் எழவில்லை. இன்னொரு தரம் தடவினார். விளக்கைக் கொண்டுவரச் சொல்லிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"மூணு வரி இருந்திருக்கு. மழை வெயில்ல இப்படிப் போகாது. யாரோ தேச்சிருக்காங்க. வருஷக்கணக்கா."

மேக்கால மருமகள் என்னைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க" என்றேன். "பதினோரு வருஷம்."

"நான் ஒம்போது" என்றாள் மேக்கால மருமகள்.

"எங்கம்மா அதுக்கு முந்தி" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்து.

மாமா பண்டாரத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தயா பண்டாரம்? எங்க பாட்டன் பேருன்னு தெரிஞ்சுதான் அந்த ஊட்டுல தேச்சுப்போட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பேசியது நானில்லை, அவர் மருமகள்.

"ஏனுங் மாமா, உங்க வேட்டியத்தானுங்களே நான் அதுல தேச்சேன். வெள்ளையா இல்லீன்னா கட்டமாட்டீங்களே."

வாசிக்கிறவர் சிரித்துவிட்டார். மாமா தன் வேட்டியை ஒரு தரம் குனிந்து பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆள் மாட்டுக்காகச் செத்தார். அவர் பேரை ஒருத்தர் வெட்டிவைத்தார். நான் அதைச் சவக்காரம் போட்டு எடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. போனது போனதுதான்.

அப்போது சவக்காரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. கல்லின் கால்மாட்டில் வலது மூலையில்தான் சவக்காரக் கட்டியை வைப்போம். அந்த இடத்தில் துணி படாது.

"கீழ் மூலையில பாருங்க" என்றேன். "அங்க நாங்க தேய்க்கலீங்க."

அவர் மண்டி போட்டு உட்கார்ந்து காய்ந்த சவக்காரத்தைக் குச்சியால் சுரண்டினார். பொடியைத் தடவினார். நாலைந்து எழுத்து எழுந்தது. நானும் குனிந்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மேலே இருந்த பழைய எழுத்து ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் கடைசியில் இருந்தது எழுத்து இல்லை, எண். பத்துக்கு ஒரு குறி, ஏழுக்கு ஒரு குறி. பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதின அதே தமிழ் எண்.

வாசிக்கிறவர் வாயைத் திறக்கும் முன் நான் படித்துவிட்டேன்.

"சரிதாம்மா" என்றார் அவர். "அதுக்கு முன்னால மாடுன்னு இருக்கு. அத்தனை மாடு மீட்டிருக்கான். அவ்வளவுதான் மிச்சம்."

அண்ணனா தம்பியா என்பது அந்த மூலையில் இல்லை.

வெளியே வந்து மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். யாரும் கை வைக்கவில்லை. பண்டாரம்தான் ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்கறீங்க. கல்லு சொல்றபடின்னு. வார சித்திரைக்கு நான் நோம்பி சாட்டோணும். மூணு வருசமா ஆத்தா வெளக்கில்லாம இருக்கறா. தட்டத்தைத் தூக்கிட்டு நின்னா நான் ஏதாவது சொல்லிக் கூப்புடோணுமில்லீங்களா?"

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பண்டாரத்தை அல்ல.

"ஏப்பா. கல்லு சொன்னதை மட்டும் கூப்புடட்டும். தட்டம் எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். உனக்குச் சரியா?"

"சரீங்க பெரீப்பா."

"அப்ப சோத்தைப் போடு அம்மணி" என்றார் என்னிடம்.

திரும்பும்போதும் பஸ்ஸில் அவர் முன்னால்தான் உட்கார்ந்தார். ஆனால் படுதாவை இறக்கச் சொல்லி நேராகவே சொன்னார். என் வீட்டுக்காரர் பாதி இறக்கினார்.

இப்போது நாங்கள் துவைப்பது வேறு கல். அது வந்து இறங்கின அன்றைக்கு, துணியைப் போடும் முன் நான் அதைப் புரட்டச் சொல்லி இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கல்.

அந்தச் சித்திரையில் நோம்பி சாட்டினார்கள். முதல் தட்டத்தை யார் கையிலும் கொடுக்கவில்லை. கிணற்று மேட்டில் பழைய கல் கிடந்த குழியில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு வீடும் கும்பிட்டு நின்றோம். பேர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. பண்டாரம் கையை உயர்த்தி, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"மாடு மீட்டவரு! உருப்படி பதினேழு!"

இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பேர் இல்லை. உருப்படி பதினேழு.